ஏழாம் படை

படை அறுவகைப்படும் என்பது நம் முன்னோர் கொண்ட பகுப்பு. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்திற்கு உரை வரைந்த பரிமேலழகர், மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று அவற்றை எண்ணிக் காட்டுவார். தலைமுறை தலைமுறையாக ஓர் அரசகுடியின் உப்பைத் தின்று வளர்ந்தது மூலப்படை. பொருள் பெற்றுப் போர் செய்வது கூலிப்படை. நட்பரசன் அனுப்புவது துணைப்படை. பகைவனை விட்டு நீங்கி நம்மிடம் வந்து சேர்வது பகைப்படை. இவற்றுள் மூலப்படையே தலைசிறந்தது என்பதும் உரைகாரர் கருத்து. பகுப்பு செவ்வியதே. ஆயினும் எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. வேற்று நாட்டான் ஒருவன், தனக்கு உரிமையில்லாத மண்ணில், தன்னை எவரும் வற்புறுத்தாதபோதும், ‘நானும் வருகிறேன்’ என்று முன்வந்து நிற்பானாயின், அவன் இந்த ஆறனுள் எதில் அடங்குவான்? அவனும் கூலி பெறக்கூடும். ஆனால் கூலியைக் கொண்டு மட்டும் அவனை அளந்துவிட முடியுமா?

இந்த ஐயம் ஏட்டுக் கல்வியால் எழுந்ததன்று. என் தாய்மாமன் ஒருவரால் எழுந்தது. அவர் இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயரின் இந்தியப் படையில் லாரி ஓட்டியவர். போர் முடிந்து திரும்பியபின் சந்திரகிரியில் குடியமர்ந்து, திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே பேருந்து ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். 1965-ஆம் ஆண்டு எங்கள் குடும்பத் திருமணம் ஒன்றில், பந்தியில் அமர்ந்திருந்த உறவினர் ஒருவர், ‘இவர் வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குச் சண்டை போட்டவர்தானே’ என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பந்தி ஒரு கணம் அடங்கியது. மாமா மறுமொழி கூறவில்லை. இலையில் சோற்றைக் குழித்து ரசத்துக்காகக் காத்திருந்தார். கூலி என்ற அந்த ஒரு சொல்தான் என்னைப் பின்னாளில் பழைய நூல்களுக்குள் இழுத்துச் சென்றது.

சந்திரகிரியை இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022-இல் திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்ட ஊர் அது. திருப்பதியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவு. பாறைக்குன்று, அதன் அடியில் மதில், மதிலுக்குள் ராஜமகால், ராணிமகால். விடுமுறை நாள்களில் மலையப்பனைச் சேவித்துவிட்டு வருவோர் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ராஜமகாலில் மரமே பயன்படவில்லை, கல்லும் செங்கல்லும் சுண்ணமுமே என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் இம்மதிலின் நிழலில் எத்தனை நாட்டு வீரர்கள் நடந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

விஜயநகர அரசர்க்கு இக்கோட்டை முதலில் கருவூலமாகவும் காவற்கூடமாகவும் பயன்பட்டது. கிருஷ்ணதேவராயர் தம் உடன்பிறந்தாரை இங்கேதான் காவலில் வைத்திருந்தார் என்று நூனிஸ் என்னும் போர்ச்சுகீசியர் எழுதுகிறார். 1529-இல் ராயர் மறைந்தபின் அக்காவலிலிருந்து வெளிவந்து அரியணை ஏறியவர் அச்சுதராயர். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு சாய்ந்தபின், பெனுகொண்டாவை அடுத்து இவ்வூரே தலைநகராயிற்று. இரண்டாம் வேங்கடபதி ராயர் காலத்தில் ஏசு சபைப் பாதிரிமார் இங்கு வந்து அவரைக் கண்டனர். மேலைநாட்டு ஓவியங்களில் அம்மன்னருக்குத் தனி விருப்பம் இருந்ததென்றும் அவர்கள் கடிதங்கள் கூறும். ஆகவே பரங்கியர் சந்திரகிரித் தெருவில் நடப்பது நானூறு ஆண்டுகளுக்கு முன்பே புதுமையன்று.

நூனிஸ் பெயரைச் சொன்னேன். அவர் குதிரை வணிகர். 1535-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விஜயநகரத்தில் தங்கித் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தார். அவருக்குச் சற்று முன்னே வந்த பயஸ் என்பவரும் எழுதிவைத்தார். இருவர் குறிப்புகளையும் ஆங்கிலத்தில் ஆக்கி, 1900-இல் தம் விஜயநகர வரலாற்று நூலோடு வெளியிட்டவர் ராபர்ட் சூவெல் என்னும் ஆட்சிப்பணி அறிஞர். அந்நூலில்தான் நான் கிறிஸ்தோவோ டி பிகரேடோவைக் கண்டேன்.

அவரும் குதிரை விற்க வந்தவரே. 1520 மே மாதத்தில் கிருஷ்ணதேவராயர் ரெய்ச்சூருக்கு அருகில் பீஜப்பூர் அடில்ஷாவின் படையை முறியடித்தார். முதலில் பகைவரின் பீரங்கிகளால் பேரிழப்பு. பின்னர் ராயரே முன்னின்று செலுத்தி வென்ற போர் அது. வென்றபின் ரெய்ச்சூர்க் கோட்டையை மீண்டும் முற்றுகையிட்டார். கோட்டையோ அசையவில்லை. அவ்வேளையில் பிகரேடோ இருபது போர்ச்சுகீசியரோடு பாசறைக்கு வந்து சேர்ந்தார். மதிலருகே சென்று பார்க்க இசைவு தருமாறு கேட்டார். விருந்தாளிக்கு ஊறு நேரலாகாது என்று ராயர் தடுத்தார். போர்தான் போர்ச்சுகீசியரின் தொழில், அதற்கு விடுவதே தமக்குச் செய்யும் பெருங்கொடை என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தார் என்று நூனிஸ் எழுதுகிறார். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். குதிரை விற்க வந்தவன் மதிலடிக்குப் போக வரம் கேட்கிறான்! கூலி பேசியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை.

அப்புறம் நடந்தது சுருக்கமானது. மதில்மேல் நின்றவர்கள் அதுவரை மறைந்து நின்று போரிடும் வழக்கம் இல்லாதவர்கள். துப்பாக்கிக்காரர் ஒவ்வொருவராகச் சுட்டு வீழ்த்த, மேலே நிற்க ஆளில்லாமல் போயிற்று. கீழே ராயரின் வீரர்கள் அச்சமின்றி மதிற்கல்லைப் பெயர்த்தார்கள். கோட்டைத் தலைவன் போர்ச்சுகீசியர் எங்கே நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தபோது நெற்றியில் குண்டு பாய்ந்து இறந்தான். மறுநாள் கோட்டை பணிந்தது.

இதைவிட வியப்பான செய்தி ஒன்றையும் நூனிஸ் போகிறபோக்கில் சொல்கிறார். தோற்ற அடில்ஷாவின் தளபதி சலாபத்கானுக்கு மெய்க்காவலாக நின்றவர்கள் ஐந்நூறு போர்ச்சுகீசியர்; தம் நாட்டையும் சமயத்தையும் விட்டு நீங்கியவர்கள். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். செய்தியில் ஐயமில்லை. ஆக ஒரே நாட்டார், ஒரே மொழி பேசுவோர், கிருஷ்ணையாற்றங்கரையில் இரு பக்கமும் நின்றார்கள். அதே ஆண்டில் கோவாவில் இருந்த போர்ச்சுகீசியத் தலைவர் ரூய் டி மெல்லோ, அடில்ஷா தளர்ந்திருந்த நேரம் பார்த்துக் கோவாவை அடுத்த நிலப்பகுதியைக் கைப்பற்றிக்கொண்டார். பிகரேடோ தம் ஆசைக்காகச் சுட்டாரா, தம் நாட்டு வாணிகத்துக்காகச் சுட்டாரா, ராயர்மேல் கொண்ட அன்பினாலா? மூன்றும் கலந்தே இருக்கும் என்பது என் எண்ணம். மனிதன் தூய ஒரு காரணத்துக்காகத் துப்பாக்கியைத் தூக்குவது அரிது.

பயஸ் தரும் குறிப்பு ஒன்று இவ்விடத்தில் எனக்கு இனிக்கிறது. ராயர் பிகரேடோவை எதிர்கொண்டு வரவேற்றபோது, பொன்னிழை அங்கியும், தாம் அணிவது போன்ற ஒரு குல்லாயும் அளித்தாராம். திருமலைக் கோயிலின் பெருவாயிலைக் கடந்தவுடன் வலப்பக்கம் கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரின் செப்புத் திருமேனியை அன்பர்கள் பார்த்திருப்பார்கள். இருபுறமும் திருமலாதேவியும் சின்னாதேவியும். 1517-இல் நிறுவப்பட்ட அத்திருமேனியின் தலையில் உயர்ந்த கூம்பு வடிவக் குல்லாய் உண்டு. வரிசையில் நெருக்கித் தள்ளப்பட்டுப் போகும்போதெல்லாம் நான் அந்தக் குல்லாயைப் பார்ப்பேன். மன்னர் தம் தலையணியைப் போன்றதொன்றை வேற்று நாட்டானுக்குச் சூட்டுவது கூலி கொடுப்பதாகுமா? கூலியை எண்ணிக் கொடுப்பார்கள்.

விஜயநகரத்தார்க்கு வேற்றுப் படைஞர் புதியவரல்லர். இரண்டாம் தேவராயர் தம் படையில் முஸ்லிம் வில்லாளரையும் குதிரை வீரரையும் பெருந்தொகையாகச் சேர்த்தார். அவர்கள் தமக்கு வணக்கம் செய்யும்போது மனச்சான்று உறுத்தாதிருக்கத் தம் இருக்கையின் முன் திருக்குர்ஆனை வைக்கச் செய்தார் என்று பெரிஷ்டா எழுதுகிறார். 1439-இல் அகமதுகான் என்னும் படைஞர் அத்தேவராயரின் புண்ணியத்துக்காக ஹம்பியில் ஒரு பள்ளிவாசல் கட்டினார். கல்வெட்டு இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் தலைக்கோட்டைத் தோல்விக்கு இரண்டு முஸ்லிம் தளபதிகள் போரின் நடுவே மாறிவிட்டதே காரணம் என்று ஒரு கதை பரவியது. போர் நடந்து இரண்டாண்டு கழித்து வந்த வெனிஸ் வணிகர் சீசர் பிரெடரிக் கேட்டு எழுதிய கதை அது. வரலாற்று ஆசிரியர் அனைவரும் அதனை ஏற்பதில்லை. ஆனால் தோற்ற ஊர்கள் எல்லாவற்றிலும் இத்தகைய கதை ஒன்று முளைத்துவிடுகிறது. வெற்றியில் வேற்றானுக்குப் பங்கில்லை. தோல்வியில் முழுப்பங்கும் அவனுக்கே.

நம்மவரே வேற்றாராய்ப் போய் நின்ற இடமும் உண்டு. இலங்கையின் பொலன்னறுவையில் தளதாய்க் கோயில்களின் தொகுதியில் ஒரு கல்வெட்டு நிற்கிறது. தொடக்கத்தில் ஒரு வடமொழிப் பாடல், மற்றவை தமிழ். அதை வெட்டுவித்தவர்கள் வேளைக்காரர் என்னும் படையினர். சோழரை இலங்கையிலிருந்து விரட்டிய முதலாம் விஜயபாகு என்னும் சிங்கள மன்னனிடமே இத்தமிழ்ப் படையினர் பணி செய்தார்கள்! தம் தூதரைச் சோழன் இழிவுபடுத்தியதற்குப் பழிவாங்க அம்மன்னன் சோழநாட்டின்மேல் படையெடுக்கத் துணிந்தபோது, வேளைக்காரரையும் உடன் செல்லப் பணித்தான். அவர்கள் மறுத்தார்கள். மறுத்ததோடு நில்லாமல் கிளர்ந்தெழுந்து, தளபதிகளைக் கொன்று, அரண்மனையைக் கொளுத்தினார்கள். அரசன் தங்கையையும் அவள் மக்களையும் சிறைப்பிடித்தார்கள். அரசன் திரும்பி வந்து அவர்களை அடக்கித் தலைவர்களைக் கொடுமையாகத் தண்டித்தான். சூளவம்சம் இவற்றை விரித்துரைக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே அரசன் காலத்தில் கட்டப்பட்ட தளதாய்க் கோயிலை, புத்தர் பெருமானின் பல் வைக்கப்பட்ட கோயிலை, அவன் மறைந்தபின் காக்கும் பொறுப்பை அதே வேளைக்காரர் ஏற்றார்கள். உயிர் கொடுத்தும் காப்போம் என்று கல்லில் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாய்ப் பெரும்பள்ளி என்று அக்கோயிலுக்குப் பெயரும் இட்டார்கள். அப்படையில் வலங்கையும் இடங்கையும் மலையாளரும் இருந்தனர்; வடுகரும் இருந்தனர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசும் நம் பக்கத்து மக்களுக்கு அந்தக் கடைசிப் பெயர் அயலாகத் தோன்றாது. சொந்த மண்ணின்மேல் வாள் ஓங்க மாட்டோம் என்று மறுத்தவர்களே, வேற்று மண்ணின் கோயிலுக்குக் காவல் நின்றார்கள். கூலிப்படை என்னும் சொல் இவர்களுக்குச் சிறிதும் பொருந்தவில்லை. மூலப்படையும் இவர்கள் அல்லர்.

ஐதரலியின் காலத்தைப் பற்றி நீட்டி எழுத இங்கு இடமில்லை. 1782-இல் சந்திரகிரி அவர் கைக்குப் போயிற்று; அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாள் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் அவர் உயிர் நீத்தார். அவர் படையில் பிரெஞ்சுக்காரர் இருந்தனர். எதிரில் ஆங்கிலேயரோடு ஸ்காட்லாந்து நாட்டார் இருந்தனர். 1783-இல் கடலூரில் ஜெர்மானிய ஹனோவர் நாட்டுப் படைகளும் வந்து நின்றன. நம் வேர்க்கடலைக் கொல்லைகளின் அடியில் எந்தெந்த நாட்டு எலும்பு கிடக்கிறதோ.

இனி மாமாவிடம் வருகிறேன்.

அவர் 1940-இல் படையில் சேர்ந்தார். மழை பொய்த்து இரண்டாண்டு, நிலத்தில் ஒன்றுமில்லை. வயிறாரச் சோறும் சீருடையும் மாதச் சம்பளமும் கிடைக்கும் என்றார்கள், போனார். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் இருந்த ஏறத்தாழ 25 இலட்சம் பேருள் ஒருவர்கூடச் சட்டத்தால் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவரல்லர். உலகிலேயே மிகப் பெரிய தன்விருப்பப் படை என்று நூல்கள் புகழும். பசித்தவன் விருப்பத்தை விருப்பம் என்று எழுதிக்கொள்வதில் அரசுகளுக்கு எப்போதும் தயக்கமில்லை.

அவரோடு அதே நாளில் பக்கத்துக் கிராமத்துத் தெலுங்கர் ஒருவரும் சேர்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் ‘பாவா’ என்றே அழைப்பார்கள், உறவு ஒன்றுமில்லை. இருவரையும் மலேயாவுக்கு அனுப்பினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர். தெற்கே தெற்கே பின்வாங்கி, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் பணிந்தது. இரண்டு நாள் கழித்து ஃபாரர் பூங்கா என்னும் திடலில் இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியே திரட்டினார்கள். ஆங்கிலேய அதிகாரி அவர்களை ஜப்பானியர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். மேஜர் புஜிவாரா பேசினார். கேப்டன் மோகன்சிங் பேசினார். ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து இந்துஸ்தானி. அதிலிருந்து ஒரு தமிழ் ஹவில்தார் காதோடு காதாகச் சொன்னதுதான் மாமாவுக்கு எட்டியது. இந்தியாவின் விடுதலைக்குப் போராட ஒரு படை அமைகிறது, வருகிறவர் வரலாம் என்பது சாரம். கைகள் உயர்ந்தன, தலைப்பாகைகள் காற்றில் பறந்தன. மாமா கையைத் தூக்கவில்லை.

ஏன் என்று நான் ஒருமுறை, ராஜமகால் முற்றத்தில் அமர்ந்திருந்தபோது கேட்டேன். அவர் கூறியதை அவர் சொல்லிலேயே தருகிறேன்.

“மாப்பிளே, சுத்தி ஜப்பான்காரன் துப்பாக்கியோட நிக்கிறான். நடுவுல நிக்க வெச்சு, மனசார வரியான்னு கேக்கறான். அது கேள்வியா? முன்னாடி வெள்ளைக்காரன் பசியில நிக்க வெச்சுக் கேட்டான். அப்ப சரின்னேன், கையெழுத்துப் போட்டேன். போட்ட கையெழுத்தை அவன் மதிக்காம நம்மளை விட்டுட்டுப் போனான், அது அவன் பாடு. நான் மதிக்கணுமில்ல.”

மறுத்தவர்களுள் பல்லாயிரவரை ஜப்பானியர் நியூ கினிக்கும் நியூ பிரிட்டன் தீவுக்கும் கப்பலேற்றி அனுப்பினார்கள். மாமா ரபாவுல் துறைக்குப் போய்ச் சேர்ந்தார். சுரங்கம் வெட்டுவது, மூட்டை சுமப்பது, கிழங்கு பயிரிடுவது. உணவு குறையக் குறைய மனிதரும் குறைந்தார்கள். 1945 செப்டம்பரில் ஆஸ்திரேலியர் வந்து விடுவித்தபோது தம் எடை பள்ளிப் பிள்ளையின் எடையாக இருந்தது என்பார். அங்கே பீட்டா பாக்கா என்னும் இடத்தில் உள்ள போர்க் கல்லறையில் நம் நாட்டார் கல்லறைகள் பல உண்டு. பலவற்றில் பெயர் கிடையாது.

அவருடைய பாவா அன்று கையைத் தூக்கவில்லை. ஆறு மாதம் யோசித்துவிட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் அப்படை புத்துயிர் பெற்றது. தோட்டங்களில் பால்வெட்டிக்கொண்டிருந்த மலேயாத் தமிழர் ஆயிரமாயிரமாக வந்து சேர்ந்தார்கள். ஜான்சிராணிப் படையில் பெண்களும் சேர்ந்தார்கள். அவர்களுள் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டவரல்லர். தம் அணியில் இருந்த ஓர் இளைஞன், திருப்பதி மலை எங்கள் தோட்டத்து மலையைவிட உயரமா என்று கேட்டானாம். இதைச் சொல்லும்போது அம்முதியவர் சிரிப்பார். சிரித்துவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவார். அவன் இம்பாலுக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனான். எனக்குத் தெரிந்தவரை, பரிமேலழகர் எண்ணாத ஏழாம் படை என்று ஒன்று இருக்குமானால் அதில் முதல் வரிசை அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே உரியது. கேள்விப்பட்ட நாடு ஒன்றுக்காக, பிறந்த நாட்டை விட்டுப் போனவர்கள் அவர்கள்.

நீங்கள் ஏன் சேர்ந்தீர்கள் என்று அவரையும் கேட்டேன். தெலுங்கில் அவர் சொன்னதன் பொருள் இது: முதல் கையெழுத்தை என் வயிறு போட்டது, இரண்டாம் கையெழுத்தைத்தான் நான் போட்டேன்.

மாமா பக்கத்திலேயே பீடி சுற்றிய கையோடு அமர்ந்திருந்தார். மறுத்துப் பேசவில்லை. அவருக்கு அது புதிய செய்தியும் அன்று. ஊர்க் கடைத்தெருத் தேநீர்க் கடையில் இருவரும் இதைப் பலமுறை பேசித் தீர்த்திருப்பார்கள் என்று தோன்றியது.

போர் முடிந்து திரும்பியபோது, பிடிபட்ட தேசிய இராணுவத்தினரை ஆங்கிலேயர் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். பாவா கறுப்பு. சம்பளப் பாக்கி பறிபோயிற்று, வெறுங்கையோடு வந்தார். மாமாவுக்குச் சிறைப்பட்டிருந்த காலத்துச் சம்பளம் மொத்தமாகக் கிடைத்தது. அதில் சுவர்ணமுகி ஆற்றுப் பக்கம் சிறு நிலம் வாங்கினார். நாடு விடுதலை பெற்றது. காற்றும் மாறியது. செங்கோட்டை வழக்கில் நின்ற ஷாநவாஸ், சேகல், தில்லான் பெயர்கள் ஊரெங்கும் ஒலித்தன. பாவாவுக்குக் கூட்டங்களில் மாலை விழுந்தது. மாமாவைப் பார்த்து, நேதாஜி கூப்பிட்டும் போகாதவன் என்றார்கள். 1972-இல் மைய அரசு விடுதலைப் போராட்ட வீரர்க்கு ஓய்வூதியம் ஏற்படுத்தியபின், சில ஆண்டு அலைந்து பாவா அதனைப் பெற்றார். மாமாவின் படைப்பணிக் காலம் ஓய்வூதியத்துக்குப் போதாது, அவருக்கு ஒன்றுமில்லை. முதல் ஓய்வூதியம் வந்த அன்று பாவா இரண்டு வேட்டி வாங்கி ஒன்றை மாமாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். மாமா அதை அவர் முன்பே உடுத்திக்கொண்டார்.

இவ்விருவருள் யார் செய்தது சரி என்று என்னைக் கேட்ட நண்பர்கள் பலர். பாவாவின் பக்கமே என் நெஞ்சு சாயும் என்பதை மறைக்கவில்லை. என் நாடு அவர் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் பந்தியில் எறியப்பட்ட அந்தச் சொல் மாமாவுக்குரியதன்று என்பதில் எனக்கு உறுதி உண்டு. கூலிக்கு நிற்பவன் கூலி கொடுப்பவன் ஓடிப்போன அன்றே ஓடிவிடுவான். தலைவன் கைவிட்டபின், எதிரி சோறு காட்டியபின், மூன்றரை ஆண்டு மண் வெட்டிச் சாவதற்கு எந்தக் கூலியாளும் இசையமாட்டான். வேளைக்காரர் சோழநாட்டின்மேல் போக மறுத்ததும், மாமா திடலில் கையைத் தூக்காமல் நின்றதும் ஒரே வகை மறுப்பு என்று சொல்ல வரவில்லை; ஒன்று இனத்துக்காக, மற்றொன்று சொல்லுக்காக. இரண்டிலும், வாங்கிய காசைவிடப் பெரிதாக ஒன்றை அவர்கள் வைத்திருந்தார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

தன்விருப்பம் என்ற சொல்லை இப்போதெல்லாம் நான் எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். 1936 முதல் ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து பல்லாயிரவர் வந்து குடியரசுக்காகப் போரிட்டார்கள். நம் நாட்டு மருத்துவர் அடல் அங்கே போய்ப் பணி செய்துவிட்டு, 1938-இல் கோட்னிஸ் முதலியோரோடு சீனத்துக்கும் போனார். அவர்களை எண்ணும்போது அச்சொல் ஒளிர்கிறது. 2024-இல் செய்தித்தாளில் வேறொன்று படித்தேன். உதவியாள் வேலை என்று தரகர் சொல்லை நம்பி ரஷ்யாவுக்குப் போன நம் இளைஞர்கள், உக்ரைன் போர்முனையில் துப்பாக்கியோடு நிறுத்தப்பட்டார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒருவர் மாண்டார். அவர்களிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தமக்குத் தெரியாத மொழியில் இருந்த தாளில்.

மாமா 1991-இல் காலமானார். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. ரபாவுலில் தம் கண்முன் இறந்த நம் பக்கத்துக்காரர் பெயர்களை, ஊருக்குத் திரும்பியபின் நினைவிலிருந்து எழுதிவைத்திருக்கிறார். குடியாத்தம், பலமநேர், புத்தூர், மதனப்பள்ளி என்று ஊர்கள். மொத்தம் இருபத்து மூன்று பெயர். ஏழு பேருக்கு ஊர் எழுதவில்லை. ஒருவருக்குப் பெயரே இல்லாமல் ‘புல்லாங்குழல் வாசிப்பவன்’ என்று மட்டும் இருக்கிறது. அதன் கீழே ஒரு கோடு போட்டு, வேறு கையெழுத்தில், தெலுங்கில் மூன்று பெயர்கள். அவை இம்பால் வழியில் இறந்தவர்களுடையவை, பாவா எழுதியது. மூன்றாம் பெயருக்கு எதிரே ஊர் என்ற இடத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. அது மலேயாவில் எங்கே உள்ளது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். நோட்டுப் புத்தகத்தின் படி ஒன்றை நம் சங்கத்து நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். அவ்வூர்க்காரர் எவரேனும் தம் வீட்டுப் பெயரை அதில் கண்டால் எனக்குத் தெரிவிக்கலாம்.